மிஞ்சிய பலகை

எல்லா ஜன்னல்களையும் அடைத்து முடித்த பிறகும் ஒரு பலகை மிஞ்சி நின்றது.

எர்லீன் வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தாள். சமையலறை, குளியலறை, முன் இடது, முன் வலது என்று ஒவ்வொரு பலகையிலும் அதனதன் இடம் சிவப்புச் சாயத்தில் எழுதியிருந்தது. வீட்டை விற்றவர்கள் கொட்டகையில் அடுக்கி விட்டுப் போன பலகைகள். பாயூ ஓடைக் கரையில் குடியிருப்பவர்கள் புயலுக்குப் புயல் பலகை வாங்குவதில்லை. ஒரு தடவை அளவெடுத்து அறுத்து, துளை போட்டு, பெயரெழுதி வைத்துவிட்டால் ஆயுசுக்கும் அதுதான். அதனால் பலகை குறையலாம், காற்று கொண்டு போயிருக்கும். மிஞ்ச வழியே இல்லை. மிஞ்சியதிலும் எழுத்து இருந்தது: 'மேல்' என்று மட்டும். அதன் ஒரு மூலையில் தகரத் துண்டு ஒன்றை நெருக்க நெருக்க ஆணி வைத்து அடித்திருந்தார்கள்.

"நமக்கு மாடியே கிடையாதே," என்றாள்.

"பக்கத்து வீட்டுதா இருக்கும், விடு," என்றான் அவள் கணவன் ஆல்சிட்.

விடு என்று அவளுக்குச் சொன்னானே தவிர அவனால் விட முடியவில்லை. இறால் படகுக்காரன், அறுந்த வலையின் கண்ணிகளைக்கூடச் சுருட்டி வைக்கிற பிறவி. சும்மா கிடக்கிற பொருளைக் கண்டால் அவன் கை அரிக்கும். பிக்கப் வண்டியில் ஏற்றியிருந்த ஏணியை மறுபடி இறக்கி, பலகையைத் தோளில் தூக்கிக்கொண்டு, கூரைக்குக் கீழே முக்கோணமாக நிற்கும் பக்கச் சுவரில் ஏறினான். வெள்ளை மரச்சட்டங்களை வரிசையாக அடித்த வெறும் சுவர் அது. ஜன்னலும் இல்லை, காற்றுத்துளையும் இல்லை. பலகையை அதன்மேல் வைத்தான். கொஞ்சம் நகர்த்தினான். பிறகு சிரித்தான்.

"துளையும் துளையும் சேருது பாரு. சுவத்துல ஏற்கனவே திருகாணித் துளை இருக்கு. அந்த இடம் பலவீனமா இருந்திருக்கும், அதுக்குத்தான் இது."

துரப்பணக் கருவி கிர்ரென்று சுற்றியது. திருகாணிகள் மரத்தைத் தேடவேயில்லை, பழகின இடத்துக்குப் போவதுபோல நேராக உள்ளே இறங்கின. எர்லீன் வேண்டாம், கழற்று என்று சொல்ல வாயெடுத்தாள். என்ன காரணம் சொல்வது? ஒரு பலகை அளவாகப் பொருந்துகிறது என்று ஒருத்தி பயப்படுவாளா? கீழே சிந்திக் கிடந்த திருகாணிகளைப் பொறுக்க ஆரம்பித்தாள்.

ஏற்பாடு இதுதான். ஆல்சிட் படகை ஓட்டிக்கொண்டு வடக்கே, மதகுக்கு அப்பால் உள்ள பத்திரமான கால்வாயில் போய்க் கட்டுவான். அவன் மச்சான் ரூபென் பிக்கப்பை ஓட்டிக்கொண்டு முன்னால் போவான். கட்டி முடித்ததும் இருவரும் அதே வண்டியில் திரும்பி வந்து எர்லீனையும் ஆறு வயது கோராவையும் ஏற்றிக்கொண்டு இருட்டுவதற்குள் மேட்டுப்பக்கம் போய்விடுவார்கள். படகை அம்போவென்று விட்டுவிட்டு உயிரை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு ஓடினால், பிழைத்து வந்து எதைத் தின்பது? அந்தக் கரையில் எல்லா வீட்டிலும் முதலில் படகு, பிறகுதான் பெண்டாட்டி பிள்ளை. பெண்டாட்டிகளும் அதைத் தப்பென்று சொன்னதில்லை.

கிளம்பும்போது மகளைத் தூக்கிக் கொஞ்சினான். "எறாக்குஞ்சு, அம்மாவ பாத்துக்க. அப்பா போனதும் வந்துடுவேன்."

"போனதும் எப்பிடி வருவ? போய்ட்டுதான வரணும்?" என்றது அது.

"வாய் உங்கம்மா மாதிரியே," என்று சொல்லிவிட்டுப் போனான்.

எர்லீன் மிச்ச வேலைகளைப் பார்த்தாள். போன புயலில் கற்ற பாடங்களை அந்த ஊர்ப் பெண்கள் சமையல் குறிப்பு மாதிரி மனப்பாடமாக வைத்திருப்பார்கள். குளியல் தொட்டியை நிரப்பி வை. உறைபெட்டியில் உள்ளதையெல்லாம் ஒரே பானையில் சமைத்துவிடு, கரண்ட் போனால் எப்படியும் நாறத்தான் போகிறது. கல்யாணப் படங்களைப் பாத்திரம் கழுவும் இயந்திரத்துக்குள் வைத்துப் பூட்டு, வீட்டிலேயே தண்ணீர் புகாத பெட்டி அதுதான். பரணில் ஒரு கோடாரி மாட்டி வை. வெள்ளம் மேலே துரத்தினால் கூரையைப் பிளந்துகொண்டு வெளியேற வேண்டும். கோடாரி இல்லாத பரண் சவப்பெட்டி என்று சர்ச்சிலேயே பிரசங்கத்தில் சொல்வார்கள்.

கடைசியாக, அழியாத மசிப் பேனாவை எடுத்துக் குழந்தையின் கையில் பெயரையும் ஊரையும் எழுதினாள். ஏன் எழுதுகிறோம் என்று எந்தத் தாயும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

"கூசுது," என்று நெளிந்தாள் கோரா. "நான் தொலைஞ்சா போவேன்?"

"தொலைஞ்சாலும் திரும்பக் கொண்டாந்து குடுத்துடுவாங்கல்ல, அதுக்கு."

எதிர் வீட்டு மிஸ் வெர்னா தன் வேனில் பூனைக்கூண்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். கைம்பெண். ஊரில் யார் வீட்டில் என்ன குழம்பு என்பது வரை தெரிந்தவள். கதவைச் சாத்தப் போனவள் எர்லீனின் வீட்டு முக்கோணச் சுவரைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள். பிறகு தெருவைக் கடந்து வந்தாள்.

"யாரு அந்தப் பலகைய அங்க அடிச்சது?"

"ஆல்சிட்தான். மிஞ்சிப் போச்சுன்னு..."

"மிஞ்சினத கொளுத்தியிருக்கணும்." மிஸ் வெர்னாவின் குரலில் வழக்கமான கேலி இல்லை. "உங்ககிட்ட வித்தவன் ஒண்ணுமே சொல்லலையா? சொல்ல மாட்டான். அங்க ஒரு ஜன்னல் இருந்துச்சும்மா. துப்ரே குடும்பத்துக்காரங்க இந்த வீட்டுல இருந்தப்போ. போன பெரும்புயலுக்கு அவங்க போகல. ரொம்பக் கெட்டிக்காரத்தனமா அந்தப் பரண் ஜன்னலையும் வெளியிலேர்ந்து பலகை வச்சு முடுக்கிட்டாங்க. தண்ணி ஏறுச்சு. மேல போனாங்க. வெளியேற வழியில்ல."

எர்லீன் உள்ளே விளையாடும் குழந்தையைத் திரும்பிப் பார்த்தாள்.

"தண்ணி வடிஞ்சப்புறம் என் வீட்டுக்காரருதான் ஏறிப் பலகையைக் கழட்டினாரு. புருஷனும் பொண்டாட்டியும் உள்ள கெடந்தாங்க. பலகை மூலையில கத்தியால அறுத்து, ஒரு குழந்தை நுழையற அளவுக்கு ஓட்டை போட்டிருந்தாங்க. ரெண்டு பிள்ளைங்களையும் அது வழியா வெளிய குடுத்திருக்காங்க."

"யார்கிட்ட?"

"அதான் யாருக்கும் தெரியல. அன்னிக்கு இந்தப் பக்கம் ஒரு படகும் வரல." மிஸ் வெர்னா உதட்டைக் கடித்துக்கொண்டாள். "பிள்ளைங்க கெடைக்கவேயில்ல. நீ அதக் கழட்டு. இல்லைன்னா இப்பவே என்கூட வண்டியில ஏறு. ஒரு கூண்ட மடியில வச்சுக்கறேன், இடம் இருக்கு."

ஏணி பிக்கப்போடு போய்விட்டது. வண்டியில் ஏறவும் மனம் வரவில்லை. ஆல்சிட் திரும்பி வந்து காலி வீட்டைப் பார்த்தால் சும்மா இருக்க மாட்டான். இவர்களைத் தேடிக்கொண்டு கரை கரையாக அலைவான், அலைகிற இடத்திலேயே மாட்டிக்கொள்வான். "இருட்டறதுக்குள்ள அவன் வந்துடுவான், மிஸ் வெர்னா. நாங்க பின்னாடியே வந்துடறோம்," என்றாள்.

"படகு வச்சிருக்கற ஆம்பள சொல்ற நேரத்த நம்பி அடுப்புல அரிசிகூட வைக்கக் கூடாது," என்றாள் மிஸ் வெர்னா. ஆனால் சிரிக்கவில்லை. வேன் போன பிறகு தெருவில் ஒரு நாய்கூட இல்லை.

மாலையில் அலைபேசி சிணுங்கியது. காற்று எதிர்பார்த்ததற்கு முன்பே எழும்பிவிட்டதால் தூக்குப்பாலத்தைத் தூக்கிப் பூட்டிவிட்டார்களாம். ஆல்சிட்டும் ரூபெனும் வண்டியோடு அந்தப் பக்கம். கெஞ்சிப் பார்த்தானாம், கத்திப் பார்த்தானாம். பாலத்தைப் பூட்டினவன் அதற்கு முன்பே வீட்டுக்குப் போய்விட்டான்.

"பயப்படாத," என்றான். அவன் குரல்தான் நடுங்கியது. "புயலோட கண்ணு நம்ம ஊர் மேலதான் வரும்ங்கறாங்க. கண்ணு வந்தா காத்து நிக்கும். அந்த நேரத்துல ரூபெனோட சின்னப் படக எடுத்துட்டு வந்து உங்கள கூட்டிட்டுப் போயிடறேன். தண்ணி வந்தா பரணுக்குப் போ. போன் போச்சுன்னா வாக்கிடாக்கியிலதான் பேசணும், பக்கத்துலயே வச்சுக்க."

விடிந்தது என்று கடிகாரம்தான் சொன்னது. பலகை அடைத்த வீட்டுக்குள் பகலும் இரவும் ஒன்றுதான். பலகை இடுக்குகளில் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு வெளிச்சம், அவ்வளவே. மின்சாரம் எப்போதோ போயிருந்தது. வீடு முழுக்க ஆறிப்போன இறால் கம்போக் குழம்பின் வாடை, மண்ணெண்ணெய் வாடை, அதற்கு அடியில் சதுப்பு நிலத்தில் தண்ணீர் வடியும்போது கிளம்புகிற அழுகிய சேற்று வாடை. அது வெளியிலிருந்து வரவில்லை. பரணுக்குப் போகும் மடக்கு ஏணியின் கதவிலிருந்து கீழே இறங்கியது. காற்று ஊளையிட்டு, மூச்சு வாங்கி, மறுபடி ஊளையிட்டது. எங்கோ ஒரு தகரம் கிழிந்து தெருவோடு உரசிக்கொண்டு போனது. மரங்கள் முறியும் சத்தம் வயிற்றுக்குள் கேட்டது. இத்தனை இரைச்சலுக்கு நடுவில் இன்னொரு சத்தமும் இருந்தது. எர்லீன் அதைக் கேட்கவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள்.

"மேல யாரோ தட்டுறாங்க," என்றாள் கோரா.

"காத்தும்மா. பலகை ஆடுது."

அந்தப் பலகை ஆடாது. எப்படி முடுக்கினான் என்பதை அவள் பார்த்துக்கொண்டுதானே நின்றாள்? காற்றுக்கு ஒழுங்கு கிடையாது. இதற்கு இருந்தது. டொக், டொக். பிறகு ஒரு இடைவெளி. வீட்டில் ஆள் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுக் காத்திருக்கிற மரியாதையான இடைவெளி.

எர்லீன் மெழுகுவர்த்தி எடுக்கச் சமையலறைக்குப் போன நேரத்தில், கோரா துடைப்பக் கட்டையால் கூரைப்பலகையை இரண்டு தட்டுத் தட்டினாள். விளையாட்டுத்தான். மேலிருந்து உடனே பதில் வந்தது. டொக், டொக். குழந்தை கலகலவென்று சிரித்து மறுபடியும் கட்டையை ஓங்கியது. எர்லீன் ஓடி வந்து அதைப் பிடுங்கிய வேகத்தில் குழந்தை விரல் நசுங்கி அழுதது. அணைத்துக்கொண்டாள். வண்டியில் ஏறியிருக்க வேண்டும். எவ்வளவு முட்டாள். மடியில் பூனைக்கூண்டை வைத்துக்கொள்கிறேன் என்று சொன்னாளே.

மேலே மறுபடி தட்டவில்லை. யார் வீட்டில் இருக்கிறார்கள் என்பது தெரிந்துவிட்டால் பிறகு ஏன் தட்ட வேண்டும்?

தண்ணீர் கதவுக்கு அடியில் நாக்கை நீட்டுவதுபோல முதலில் கொஞ்சம் வந்தது. துணிகளைச் சுருட்டி வைத்தாள். துணிகள் மிதந்தன. பிறகு கதவு வீங்கியது போல உள்ளே வளைந்தது. கரை உடைந்துவிட்டது என்பது அவளுக்குப் புரிந்தது. பழுப்பு நிறத்தில், இலையும் எண்ணெயும் செத்த நண்டுமாக அது முழங்காலுக்கு ஏறியது. குளிர்பெட்டி மெல்ல எழும்பிப் பக்கவாட்டில் சாய்ந்தது. கோராவுக்கு ஆரஞ்சு நிற மிதவைச் சட்டையை மாட்டி, வார்களை இறுக்கி, வாக்கிடாக்கியையும் கைவிளக்கையும் எடுத்து, அவளைத் தோளில் போட்டுக்கொண்டு மடக்கு ஏணியை இழுத்தாள். ஏணிப்படிகள் ஈரமாக இருந்தன. தண்ணீர் இன்னும் அந்த உயரத்துக்கு வரவில்லை.

யோசிக்க நேரமில்லை. ஏறினாள்.

பரணில் குனிந்துதான் நிற்க முடியும். புழுக்கம் மூச்சை அடைத்தது. கைவிளக்கின் ஒளியில் கூரைமரங்களில் நீளமாக ஒரு கறைக்கோடு தெரிந்தது. போன புயலின் தண்ணீர்மட்டம். அது அவள் நெஞ்சு உயரத்துக்கு இருந்தது. 'வெள்ளம் தலைக்கு மேல் போனால் சாண் என்ன, முழம் என்ன' என்று சொல்பவர்களை அங்கே கொண்டுவந்து நிறுத்த வேண்டும். ஒரு சாண்தான் அங்கே எல்லாமே.

கோடாரி ஆணியில் மாட்டியிருந்தது. கூரையில் ஓங்கி அடித்தாள். கோடாரி எகிறி வந்து தோள்பட்டையை உலுக்கியது. மறுபடி. மறுபடி. போன புயலுக்குப் பிறகு போட்ட கூரை; இனி எந்தப் புயலுக்கும் பிய்யாது என்று இரட்டைப் பலகைக்கு மேல் தடித்த தகரம் வைத்து முடுக்கியது. பிய்யவில்லை. உள்ளேயிருந்தும் பிய்யவில்லை. மரச் சில்லுகள் முகத்தில் தெறித்தன, அவ்வளவுதான். ஏணிக் கதவின் ஓரத்தில் தண்ணீர் எட்டிப் பார்த்தது.

"அம்மா, கால் நனையுது."

இனி ஒரே இடம்தான்.

முக்கோணச் சுவரின் உட்பக்கத்தில் புதுப் பலகைகள் அடித்திருந்தார்கள். அவை லேசாகப் பெயர்ந்தன. பின்னால் ஒரு ஜன்னல் சட்டம், கண்ணாடி இல்லாமல். அதற்கும் பின்னால் வெளிச்சுவரின் வெள்ளை மரச்சட்டங்கள். அவற்றையும் பிளந்தாள். கடைசியில் ஆல்சிட் முடுக்கிய பலகை. அதன் கீழ் மூலையில் கை வைத்துப் பார்த்தாள். ஓட்டை. அதன் விளிம்பைத் தடவியபோது விரல்களுக்குச் சின்னச் சின்னப் பள்ளங்கள் தெரிந்தன. கத்தியால் அறுத்த பள்ளங்கள். ஓட்டையை வெளிப்பக்கம் தகரம் மூடியிருந்தது.

கோடாரியின் பின்புறத்தால் தகரத்தில் ஒரு அடி. ஆணிகள் கிறீச்சிட்டன. இன்னொரு அடி.

தகரம் வெளியே விழுந்தது. அதே கணத்தில் காற்று நின்றது.

இரைச்சல் குறையவில்லை, அறுந்தது. காதுக்குள் ஙொய்யென்று ஒரு ஒலி மட்டும் மிஞ்சியது. ஓட்டை வழியாக மஞ்சள் வெயில் உள்ளே விழுந்தது. புயலின் கண். பாயூ, தெரு, மிஸ் வெர்னாவின் வீடு எதுவும் இல்லாமல் எல்லாம் ஒரே பழுப்புத் தண்ணீராக, ஜன்னலுக்கு ஒரு முழம் கீழே, அசையாமல் கிடந்தது. பரணுக்குள் அது அவள் இடுப்புக்கு வந்துவிட்டது. உள்ளே ஏன் வெளியைவிட அதிகமாக இருக்கிறது? அந்தக் கேள்வி தோன்றியது. நிற்கவில்லை.

படகு மோட்டார் சத்தம் கேட்டது.

"அப்பா!" என்று கத்தினாள் கோரா.

சத்தம் கிட்டே வந்தது. சுவரை ஒட்டி வந்தது. நின்றது. ஓட்டையின் கோணத்தில் படகு தெரியவில்லை. கீழே, சுவரை ஒட்டினாற்போல இருக்கும். எர்லீன் கன்னத்தைப் பலகையில் அழுத்தினாள்.

"ஆல்சிட்? நீதானா?"

"நான்தான்," என்றது குரல். அவன் குரல்தான். பலகைக்கு அப்பால் யார் பேசினாலும் பாதிக் குரல்தான் வரும். "குழந்தையக் குடு."

மிஸ் வெர்னா சொன்னது அவளுக்கு நினைவு வராமல் இல்லை. அன்று ஒரு படகும் வரவில்லை. ஆனால் இன்று வரும் என்று சொல்லியிருந்தான். கண் வந்தால் வருகிறேன் என்றான், கண் வந்தது, வந்துவிட்டான். இதில் என்ன குழப்பம்? தண்ணீர் இடுப்பைத் தாண்டியது. கோரா கூரைமரத்தைக் கட்டிக்கொண்டு நடுங்கினாள்.

"ரூபெனும் இருக்கானா?"

"இருக்கான். குழந்தைய மொதல்ல குடு. நேரமில்ல."

நேரம் இல்லைதான். புயலின் மறுபாதி வந்துகொண்டிருந்தது. குழந்தையை ஓட்டையில் வைத்துப் பார்த்தாள். மிதவைச் சட்டை தடுத்தது. வார்களை அவிழ்த்தாள். ஈரத்தில் முடிச்சு வழுக்கியது. பல்லால் கடித்து இழுத்தாள். சட்டையைக் கழற்றித் தண்ணீரில் விட்டாள். அது மிதந்து இருட்டுக்குள் போனது.

"பயமா இருக்கும்மா."

"அப்பா புடிச்சுப்பாரு. காலை மொதல்ல விடு. ம், அப்பிடித்தான்."

வெளியே கைகள் வந்தன. ஓட்டையின் இரண்டு விளிம்பிலிருந்தும். தண்ணீரிலேயே கிடந்து ஊறிய கைகள், வெளுத்து, விரல் நுனிகளில் தோல் சுருங்கி. இரவெல்லாம் மழையில் நின்றவனுக்கு வேறெப்படி இருக்கும்? அவை கோராவின் இடுப்பைப் பிடித்த பிடி மென்மையாக இருந்தது. பிள்ளை வாங்கிப் பழகின பிடி. கணுக்காலை இன்னொரு கை பிடித்தது. ரூபென். ரூபெனாகத்தான் இருக்க வேண்டும்.

"கை சில்லுன்னு இருக்கு," என்றாள் கோரா. தாயின் முகத்தைப் பார்த்துக்கொண்டே போனாள். கடைசியாக, பெயரெழுதிய கை.

எர்லீன் விட்டாள்.

படகில் கால் வைக்கும் சத்தம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. தண்ணீர் தளும்பும் சத்தமாவது வரும். அதுவும் இல்லை.

தோளுக்கு மேல், கூரைமரத்தில் மாட்டியிருந்த வாக்கிடாக்கி கரகரத்தது.

"எர்லீன்? கேக்குதா?" மோட்டார் இரைச்சலுக்கு நடுவில், மூச்சிரைக்க, முழுக் குரலில் ஆல்சிட். "இப்பதான் மதகத் தாண்டினோம். தெருவெல்லாம் மரம், சுத்திக்கிட்டு வரணும். இன்னும் கொஞ்ச நேரம் பல்லைக் கடிச்சுக்க. எறாக்குஞ்சு பயந்துட்டாளா? அவகிட்ட ஒரு வார்த்தை பேசணும், வாக்கிடாக்கிய அவ காதுல வையி."

எர்லீன் ஓட்டைப் பக்கம் திரும்பினாள்.

ஓட்டையில் முகத்தை வைத்தாள். வெயில். பழுப்புத் தண்ணீர். கண்ணுக்கெட்டிய வரை அலைகூட இல்லை. படகு இல்லை. யாரும் இல்லை. கண்ணாடி போலக் கிடந்த தண்ணீரில், சுவரை ஒட்டி, கீழிருந்து ஒரே ஒரு குமிழி வந்து உடைந்தது.

"கோரா," என்றாள். மறுபடி. "கோரா!"

"அம்மா." கீழேயிருந்து. வெகு கீழேயிருந்து. அழவில்லை, நடுங்கவில்லை, காலை வெயிலில் முற்றத்தில் விளையாடும்போது கூப்பிடுகிற குரல். "வாம்மா. இங்க தண்ணியே இல்ல. வேற பசங்களும் இருக்காங்க."

"எர்லீன்? அவகிட்ட குடு, பேசணும்," என்றது வாக்கிடாக்கி.

கைகள் திரும்ப வந்தன. தண்ணீரிலிருந்து எழும்பி, பலகையின் விளிம்பில் ஏறி, ஓட்டைக்குள் நீண்டன. வெளுத்த உள்ளங்கைகள் விரிந்திருந்தன. இந்த முறை இவளுக்காக. ஓட்டை இவளுக்குப் போதாது. அது அவற்றுக்கும் தெரிந்திருந்தது. அவசரப்படவில்லை.

தண்ணீர் நெஞ்சுக்கு ஏறியிருந்தது. எர்லீன் முழுகித் தடவிக் கோடாரியை எடுத்தாள். ஓட்டையின் விளிம்பில் ஓங்கி வெட்டினாள். அதைப் பெரிதாக்க வேண்டும். அவ்வளவுதான். அங்கே அவள் பிள்ளை இருக்கிறது.

"என்ன சத்தம் அது?" என்றான் ஆல்சிட். "என்ன வெட்டுற? எர்லீன், வெட்டாத, நான் வந்துட்டேன்..."

சில்லுகள் பறந்தன. கோடாரி இறங்கும்போதெல்லாம் கைகள் காயம் படாமல் பக்குவமாகப் பின்வாங்கின. வெட்டு விழுந்ததும் மறுபடி உள்ளே நீண்டு, விரிந்து, காத்திருந்தன.